தெரிந்துதான் சாப்பிட்டேன்

எனக்கு ஐந்து வயது முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தபோது என் நைனா மலாய் நாட்டுக்கு வேலைக்குப் போவதென்று முடிவு செய்தார். என்னை ஊரிலேயே விட்டுவிட்டுப் போகும்படிதான் எல்லோரும் சொன்னார்கள். அவ்வளவு சின்னக் குழந்தைக்குக் கடல் கடந்து போய் என்ன புரியப் போகிறது, கப்பலில் வாந்தி எடுக்கும், போன இடத்தில் காய்ச்சல் வரும், திரும்பி வந்தால் ஒன்றும் நினைவிருக்காது என்றார் பெரியப்பா. அவர் நைனாவின் அண்ணன். நிலம், மாடு, வீடு எல்லாம் அவர் பேச்சுப்படிதான் நடந்தன. வாந்தியையும் காய்ச்சலையும் அவர் சரியாகத்தான் சொல்லியிருந்தார். நினைவிருக்காது என்றதுதான் தப்பு. எனக்கு எல்லாமே நினைவிருந்தது. பின்னால் எங்களுக்கு வந்தது எல்லாம் அதனால்தான் வந்தது. அதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

எங்கள் ஊர் பட்டாபிராமுக்கும் ஆவடிக்கும் நடுவில், ரயில் பாதையை ஒட்டி இருந்தது. இருந்த நிலம் பெரியப்பா குடும்பத்துக்கே போதவில்லை. நைனா ரயில் பாதையில் கூலிக்குப் போனார். தண்டவாளத்தின் அடியில் ஜல்லி கொட்டுவது, கட்டைகளை மாற்றுவது, மரையாணி முடுக்குவது. ஆவடியில் அந்தக் காலத்தில் மலாய் நாட்டுக்குக் கூலிக்குப் போகிறவர்களைக் கப்பல் ஏறும்வரை தங்கவைக்கும் டிப்போ ஒன்று இருந்தது. எந்தெந்த ஜில்லாவிலிருந்தோ துணிமூட்டையும் பானையுமாக ஜனங்கள் வந்து இறங்குவதை நைனா பாதையோரம் நின்று பல வருஷம் பார்த்தார். ரயில் வேலை தெரிந்த ஆட்கள் அங்கே வேண்டும் என்று கேள்விப்பட்டதும் போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

அம்மா அந்த வீட்டில் பேசவே மாட்டாள். பெரியப்பா இருக்கும் இடத்தில் அவள் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. என்னை விட்டுவிட்டுப் போகச் சொன்ன அன்று, அவள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு பெரியம்மாவிடம் சொல்வதுபோல் பெரியப்பாவுக்குக் கேட்கும்படி சொன்னாள்: "கொழந்தய உட்டுட்டு நான் கெளம்ப மாட்டேன்." அவ்வளவுதான். பெரியப்பா எழுந்து மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனார். நான் போவது முடிவாகிவிட்டது.

டிப்போவில் ஒரு வாரம் இருந்தோம். கையில் அம்மை குத்தினார்கள். பிறகு ரயிலில் பட்டணம் போய்த் துறைமுகத்தில் கப்பல் ஏறினோம். எங்களைப் போன்றவர்களுக்கு மேல்தளம்தான். பாய் விரித்தால் அதுதான் வீடு. எங்கள் பாய்க்கு அடுத்த பாய் செங்கல்பட்டுப் பக்கத்துச் சேரியிலிருந்து வந்த ஒரு குடும்பத்துடையது. முதல் நாள் அம்மா எங்கள் மரப்பெட்டியை இரண்டு பாய்க்கும் நடுவே சுவர் மாதிரி நிறுத்தினாள். மூன்றாம் நாள் கடல் கொந்தளித்தது. அம்மாவால் தலையைத் தூக்க முடியவில்லை. நைனாவும் சுருண்டு கிடந்தார். அந்தப் பக்கத்துப் பெண்பிள்ளைதான் பெட்டியைத் தள்ளிவிட்டு வந்து அம்மாவின் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள், எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். எங்கள் ஊரில் அவள் நிழல் எங்கள் தெருவில் விழக்கூடாது. கப்பலில் அவள் மடியில் நான் தூங்கினேன். அதற்குப் பிறகு பெட்டியை யாரும் நடுவில் வைக்கவில்லை.

பினாங்குக்கு முன்னால் ஒரு தீவில் இறக்கிச் சில நாள் வைத்திருந்தார்கள். நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. துணியை எல்லாம் வாங்கி ஆவியில் போட்டார்கள். எங்களை வரிசையில் நிறுத்தி மருந்துத் தண்ணீரை ஊற்றினார்கள். வரிசை கோணினால் ஒருவன் பிரம்பால் தோளில் தட்டினான். நைனாவின் தோளிலும் தட்டினான். சோறு கொஞ்சம் தாமதமானால் வீடு அதிரக் கத்துகிற என் நைனா தலையைக் குனிந்து வரிசைக்குள் நகர்ந்துகொண்டார். எனக்குப் பிரம்பைவிட நைனாவின் முகம்தான் பயமாக இருந்தது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். பார்க்காதே என்று அர்த்தம். நான் பார்த்தேன். பிரம்பு வைத்திருந்தவன் எங்களை ஒரு சொல்லால் கூப்பிட்டான்: கிளிங். அது எங்கள் எல்லோருக்குமான பெயர் என்று பிறகு தெரிந்தது. நல்ல சொல் இல்லை. நிலத்துக்காரன், சேரிக்காரன், நைனா, அந்தப் பெண்பிள்ளை, எல்லோரும் அவனுக்கு கிளிங்தான். ஊரில் எங்களுக்குள் இருந்த அத்தனை மேல்கீழும் அந்தத் தீவில் யாருக்கும் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் யாரும் விரும்பவில்லை.

நைனாவுக்கு ஒரு சின்ன ஸ்டேஷனில் வேலை. ரயில் வேலைக்காரர்களுக்கு லயம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். சுற்றிலும் ரப்பர் மரம். தினமும் பிற்பகல் மழை. லயத்துக்குப் பக்கத்தில், ரயில் கேட்டைப் பார்த்துக்கொள்ளும் மலாய்க்காரரின் மர வீடு, நாலு கம்பத்தின் மேல் நின்றது. அவர் மனைவியை நான் மச்சிக் என்று கூப்பிட்டேன். அங்கே அத்தையை, பக்கத்து வீட்டு அம்மாளை எல்லாம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கு மூன்று பெண்கள். நான் எந்நேரமும் அந்த வீட்டுக்குக் கீழே அவர்களோடும் வாத்துகளோடும் விளையாடினேன்.

ஆறு மாதத்தில் எனக்கு மலாய் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. சத்து, துவா, தீகா என்று எண்ணுவேன், சண்டை போடுவேன், கனவில்கூட அந்த மொழியில் பேசினேன் என்று அம்மா சொன்னாள். நைனாவுக்கு நாலு சொல்லுக்கு மேல் வரவில்லை. ஆகவே சீனர் கடைக்குப் போனாலும், வைத்தியரிடம் போனாலும், மேலதிகாரி வீட்டு வேலைக்காரனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார். அவர் தமிழில் சொல்வார், நான் மலாயில் சொல்வேன். எதிராளி சொன்னதைத் தமிழில் திருப்பிச் சொல்வேன். ஆறு வயதுப் பெண்ணின் வாயைப் பார்த்துக்கொண்டு நைனா நிற்பார். நான் ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னால் வீட்டுக்கு வேறு சாமான் வந்துவிடும். ஒருநாள் வேண்டுமென்றே மாற்றிச் சொல்லிக் கற்கண்டு வாங்கினேன். நைனா கண்டுபிடித்துவிட்டார், ஆனால் அடிக்கவில்லை. மறுநாளும் நான் வேண்டுமே அவருக்கு.

அம்மாவும் மாறினாள். லயத்தில் அம்மியில் பருப்பு அரைத்து வடை சுட்டு ஸ்டேஷனுக்குக் கொண்டு வந்தாள். முதலில் நான் கூவினேன், அவள் தலையைக் குனிந்துகொண்டு எடுத்துக் கொடுத்தாள். பிறகு அவளே கூவினாள். வண்டி நிற்கும் கொஞ்ச நேரத்துக்குள் ஒவ்வொரு ஜன்னலாக ஓடுவாள். எங்கள் வீட்டில் கதவுக்குப் பின்னால் நின்றவளா இவள் என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் எப்போதும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். முன்பு இருந்தவள் அங்கே இருந்தவரை எனக்கு நினைவுக்கே வரவில்லை.

இரண்டாவது வருஷம் என் தங்கை பிறந்தாள். பெருமழையில் பாதையோர மண் சரிந்து, நைனாவையும் மற்ற ஆட்களையும் தூரத்துக்கு அழைத்துப்போயிருந்தார்கள். அம்மாவுக்கு வலி எடுத்து மூன்று நாள் குழந்தை வரவில்லை. லயத்துப் பெண்கள் பயந்துவிட்டார்கள். மச்சிக் வந்தாள். தனக்குத் தெரிந்த மருத்துவச்சி ஒருத்தியை மழையில் நடந்து போய்க் கூட்டிவந்தாள். அந்த மூன்று நாளும் நான் அவள் வீட்டில் இருந்தேன். அம்மா கத்துவது அங்கேயும் கேட்டது. மச்சிக் வருவாள், போவாள். வரும்போதெல்லாம் தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோற்றில் பொரித்த நெத்திலியைப் பிசைந்து எனக்கு ஊட்டுவாள். அம்மா சாகப்போகிறாளா என்று அவள் மொழியில் கேட்டேன். சாப்பிடு, உன் தங்கச்சியோ தம்பியோ வந்தால் தூக்க வலு வேண்டும் என்றாள்.

தங்கை பிறந்தாள். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. மச்சிக் வீட்டுக் கஞ்சியைத்தான் அம்மாவும் குடித்தாள். நைனா திரும்பி வந்து, அம்மா எழுந்து நடக்கும்வரை அவரும் அந்த வீட்டுச் சோற்றைத்தான் தின்றார். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், பின்னால் அவர் மறந்துபோனதால்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களில் ஆட்களை நிறுத்தினார்கள், வண்டிகள் குறைந்தன. நைனாவின் வேலை போயிற்று. வந்தவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பல் ஏற்றித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் ஏறினோம். மச்சிக் வண்டி கிளம்பும்வரை பிளாட்பாரத்தில் நின்றாள். திரும்புகிற கப்பலில் பூந்தமல்லிக்காரர்கள் இருவர் வந்தார்கள். தமிழ் முஸ்லிம்கள், பினாங்கில் ஜவுளிக் கடை வைத்திருந்த புருஷனும் மனைவியும். அந்த அம்மாள் என் தங்கையைக் கீழே விடவில்லை. எப்போதாவது பூந்தமல்லிப் பக்கம் வந்தால் எங்கள் வீட்டுக்கு வராமல் போகாதே என்று அம்மாவிடம் சொன்னாள்.

ஊர் வந்து சேர்ந்ததும் அம்மா மறுபடி கதவுக்குப் பின்னால் போனாள். அம்மா வடை விற்றதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று நைனா என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பெரியவர்கள் பேசும்போது சின்னப் பெண் நடுவில் வரக்கூடாது என்று பெரியம்மா சொன்னாள். இரண்டு வருஷம் பெரியவர்களுக்காக நான்தான் பேசினேன். இப்போது வாயைத் திறந்தால் குட்டு விழுந்தது. கோபம் கோபமாக வந்தது எனக்கு.

ஆடி மாதம் நெருங்கியது. ஊர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். அந்த வருஷம் எங்கள் குடும்பத்து முறை. ஒருநாள் காலையில் நான் தங்கைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். "மாக்கான், மாக்கான்" என்று கொஞ்சினேன். சாப்பிடு என்று அர்த்தம். பெரியம்மா அது என்ன பேச்சு என்று கேட்டாள். மச்சிக் எனக்கு அப்படித்தான் சொல்லி ஊட்டுவாள் என்றேன். யார் அது, என்ன ஊட்டினாள் என்று கேட்டாள். யாராவது என்னிடம் கேள்வி கேட்டு எத்தனை நாளாயிற்று! நான் சந்தோஷமாக எல்லாவற்றையும் சொன்னேன். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, வாத்து முட்டை, கம்பத்தின் மேல் நிற்கும் வீடு.

அன்று மத்தியானத்துக்குள் பெரியப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. வேற்று மனிதர் வீட்டில் சாப்பிட்டவர்கள் கோயில் கூழில் கைவைக்கலாமா என்று கேள்வி வந்தது. எங்கள் சாதிப் பெரியதனக்காரர், வழக்குகளைத் தீர்க்கிற ஊர்ப் பெரியவர், ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்துக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

ஞாயிறு காலை நைனா என்னைக் குளிப்பாட்ட ஏரிக்குக் கூட்டிப்போனார். வழக்கமாக அவர் அப்படிச் செய்ய மாட்டார். முதுகு தேய்த்துக்கொண்டே சொன்னார்: "கேட்டா, துன்னவே இல்லன்னு சொல்லிடு கண்ணு. வெளாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லு."

"அப்ப அந்த மூணு நாளு நான் இன்னா துன்னேன்?" என்று கேட்டேன்.

நைனா சொம்பில் தண்ணீர் மொண்டு என் தலையில் ஊற்றினார். தீவில் வரிசையில் நின்றபோது இருந்த அதே முகம். அங்கே பிரம்பு இருந்தது. இங்கே யார் கையிலும் பிரம்பு இல்லையே என்று நினைத்தேன்.

மண்டபத்தில் ஐந்து பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா ஓரமாக. பெண்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். அம்மா தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்களோடு நின்றாள். முதலில் நைனாவைக் கேட்டார்கள். போன இடத்தில் நம் லயத்தைத் தவிர வேறு எங்கும் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை என்று நைனா சொன்னார். குழந்தை சொன்னதாகப் பேச்சு வந்ததே என்றார்கள். அது ஏதோ கனவு கண்டு உளறுகிறது என்றார். பெரியதனக்காரர், குழந்தையையே கேட்டுவிடலாம் என்று என்னை முன்னால் வரச் சொன்னார்.

அவர் கெட்டவர் இல்லை. குரலை இறக்கி, சிரித்த முகமாகத்தான் கேட்டார்.

"அங்க வேத்து மனுசங்க ஊட்ல சோறு துன்னியா?"

"துன்னேன்."

"எத்தினி நாளு?"

"அம்மாவுக்கு வலி வந்த மூணு நாளு. அப்பறம் அம்மா எழுந்து நடக்கிற வரிக்கும்."

நைனா தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியதனக்காரர் எனக்கு ஒரு வழி விட்டார். இன்றைக்கு நினைத்தாலும் அது இரக்கத்தால்தான் என்று தெரிகிறது. சின்னக் குழந்தை, அறியாமல் சாப்பிட்டிருப்பாள், அறியாமல் செய்தது தப்பில்லை என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"தெரியாமத்தான துன்ன? தெரியாம துன்னேன்னு சொல்லிடும்மா."

அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் அன்றே எல்லாம் முடிந்திருக்கும். கூழ் எங்கள் முறையாகவே இருந்திருக்கும். ஆனால் எனக்கு அது பொய்யாகப் பட்டது. மழையில் நனைந்து வந்து, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, எனக்கு ஊட்டிவிட்டு மறுபடி மழையில் ஓடியவளை நான் எப்படி அறியாமல் இருக்க முடியும்? அவள் வாத்துகளில் எது நொண்டி என்றுகூட எனக்குத் தெரியும்.

"தெரிஞ்சிதான் துன்னேன்," என்றேன். "பசிச்சுது. அவங்க ஊட்டனாங்க. நைனாவும் துன்னாரு."

பெரியப்பா எழுந்து என்னை அடிக்க வந்தார். பெரியதனக்காரர் கையைக் காட்டி உட்காரவைத்தார். அவர்கள் தங்களுக்குள் பேசினார்கள். கடைசியில் தீர்ப்புச் சொன்னார்கள். நைனா தலையை மழித்துக்கொள்ள வேண்டும், அம்மா கோமியம் குடித்துத் தலைமுழுக வேண்டும், என் நாக்கில் பொன்னூசியைக் காய்ச்சி ஒருமுறை தொட வேண்டும். மூன்றும் ஆனால் குடும்பம் சுத்தம். நைனா சரி என்று தலையாட்டினார்.

அம்மா உள்ளே வந்தாள். ஆண்கள் உட்கார்ந்திருக்கும் மண்டபத்துக்குள் பெண்பிள்ளை ஏறி வந்ததை ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. தங்கை இடுப்பில்தான் இருந்தாள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் போடவில்லை. வண்டி ஜன்னலில் பேசிப் பழகிய குரல், அதனால் கடைசி ஆள்வரை கேட்டது.

"எம் பொண்ணு நாக்குல ஊசி வெக்கிற உரிம இங்க யாருக்கும் இல்ல. அவ சொன்னது நெசம். நானும் அந்த ஊட்டுக் கஞ்சிதான் குடிச்சேன். அது இல்லன்னா நானும் இல்ல, இந்தக் கொழந்தயும் இல்ல. வட சுட்டு ரயில்ல வித்தேன், அதயும் எழுதிக்குங்க."

அப்படியே என்னை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். வீட்டுக்குப் போனாள், துணியை மூட்டை கட்டினாள். பெரியம்மா வாசலில் நின்று, பெண்பிள்ளைக்கு இவ்வளவு வீம்பு ஆகாது, காலில் விழுந்தால் முடிந்துவிடும் என்று அழுதாள். பெரியம்மா அழுதது எங்களுக்காகத்தான். ஆனால் அம்மா நிற்கவில்லை. நைனா மண்டபத்திலிருந்து வரவில்லை. வயல் வரப்பிலும் வண்டிப்பாதையிலுமாக நாங்கள் மூன்று பேரும் பூந்தமல்லிக்கு நடந்தோம். வழியில் நெல்மூட்டை ஏற்றிப்போன ஒரு வண்டிக்காரர் என்னையும் தங்கையையும் மூட்டைமேல் உட்காரவைத்தார். அம்மா வண்டிக்குப் பின்னால் நடந்தே வந்தாள். நைனா வருவாரா என்று நான் கேட்டேன். அவருக்கு வழி தெரியும் என்றாள்.

கப்பலில் வந்த அந்த அம்மாள் வீட்டுக் கதவைத் தட்டினோம். அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் தங்கையை வாங்கிக்கொண்டாள். வீட்டின் பின்கட்டில் ஓர் அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். நாலாவது நாள் அம்மா அம்மியை இரவல் வாங்கிப் பருப்பு அரைத்தாள். சந்தைக்குப் போகிற பாதையில் ஒரு புளியமரத்தடியில் கூடையோடு உட்கார்ந்தாள். எங்கள் ஊர்க்காரர்களும் அந்தச் சந்தைக்கு வருவார்கள். தெரிந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அம்மா அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சூடாக இருக்கிறது, வாங்கிக்கொண்டு போங்கள் என்பாள். வெட்கப்பட வேண்டியது யார் என்று எனக்கு அப்போதே தெளிவாக இருந்தது.

நைனா நாற்பது நாள் வரவில்லை. எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக இருந்தது. அவரை நினைத்து அழுததும் உண்டு. தலையை மழித்துக்கொண்டு பெரியப்பா வீட்டில் இருக்கிறார், அவரை மட்டும் சேர்த்துக்கொண்டார்கள், கூழ் ஊற்றும்போது குடம் தூக்கினார் என்று சந்தைக்கு வந்த ஒருத்தி சொன்னாள். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு வடையைத் திருப்பிப் போட்டாள்.

பிறகு ஒருநாள் நல்ல வெயிலில், தோளில் எங்கள் மரப்பெட்டியோடு நைனா வாசலில் வந்து நின்றார். தலையில் முடி அரையங்குலம் வளர்ந்திருந்தது. அம்மா உள்ளே வரச்சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. அவர் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நானும் துன்னேன்னு சொல்லிட்டேன். பெரியதனக்காரர் ஊட்டுக்கே போயி சொல்லிட்டேன். மொட்ட அடிச்சது வீணுன்னும் சொல்லிட்டேன்."

ஏன் சொன்னார் என்று பிறகு அம்மா கேட்டபோது, சாப்பாட்டில் உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை என்றார். அண்ணன் வீட்டில் எல்லோரும் அவரைத் தாங்கினார்களாம், உன் பெண்டாட்டியும் பெண்ணும்தான் குடும்பத்தைக் கெடுத்தார்கள் என்று ஒவ்வொரு வேளையும் சொன்னார்களாம். கேட்டுக் கேட்டு ஒருநாள் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். நாற்பது நாள் ஆனது அவருக்கு. ஆனாலும் வந்தார். அப்போது எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை, இவ்வளவு நேரமா என்றுதான் இருந்தது. தங்கை அவரை மறந்து, தூக்கினால் அலறினாள்.

அதற்குப் பிறகு ஊர் எங்களை விலக்கியது விலக்கியதுதான். நல்லது கெட்டதுக்குச் சொல்லி அனுப்ப மாட்டார்கள். நைனா மறுபடி ரயில் பாதை வேலைக்குப் போனார். நான் பூந்தமல்லியில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். யுத்தம் வந்தபோது ஆவடியில் பட்டாள முகாம் கட்டத் தொடங்கினார்கள். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து குவிந்தார்கள். நாங்கள் ஆவடிக்கே குடிபோய், ஸ்டேஷன் பக்கம் கீற்றுப் போட்டு ஒரு கடை வைத்தோம். அம்மாவும் பூந்தமல்லியிலிருந்து வந்த இரண்டு முஸ்லிம் பெண்களும் சமைத்தார்கள். எந்த மொழிக்காரன் வந்து நின்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள். மலாய் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. ஆனால் தெரியாத மொழிக்காரன் முன்னால் பயப்படாமல் நின்று, கையாலும் முகத்தாலும் பேச ஆரம்பித்து, அவன் சொல்லைப் பிடித்துக்கொள்கிற துணிச்சல் போகவில்லை.

பெரியப்பா இறந்த செய்தி தெருவோடு போன ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. நைனா ஓடினார். பிராயச்சித்தம் செய்துகொண்டால் உள்ளே வந்து தோள் கொடுக்கலாம் என்றார்கள். நைனா மாட்டேன் என்று சொல்லிவிட்டார். தெருமுனையில் பறை அடிக்கிறவர்களோடு நின்று, அண்ணன் போவதைப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. அப்போது மட்டும் எனக்குத் தயக்கம் வந்தது. நான் அன்றைக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் இவர் தோள் கொடுத்திருப்பாரே என்று அவரிடமே கேட்டேன். "நீ இன்னா பொய்யா சொன்ன?" என்றார்.

எனக்குக் கல்யாணம் பேசத் தொடங்கியபோது எங்கள் சாதியில் வந்து பார்த்தவர்கள் எல்லோரும் அந்தப் பழைய வழக்கைத்தான் முதலில் கேட்டார்கள். மறைக்க வேண்டாம், நீயே சொல் என்றாள் அம்மா. நான் காப்பித் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்து முழுவதும் சொன்னேன், நெத்திலிவரை. முதலில் வந்தவர்கள் காப்பியைத் தொடாமல் எழுந்தார்கள். இரண்டாவது வந்தவர்கள் குடித்துவிட்டு எழுந்தார்கள். மூன்றாவதாக அம்பத்தூரிலிருந்து ஓர் அம்மாள் தன் மகனுக்காக வந்தாள். ரங்கூனில் ஏழு வருஷம் இருந்துவிட்டு, குண்டு விழுந்தபோது கால்நடையாகத் திரும்பியவர்களில் ஒருத்தி. நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே தட்டிலிருந்த பலகாரத்தைத் தின்று முடித்தாள். கல்யாணத்துக்குப் பிறகும் நீ கடைக்கு வந்து நிற்பாயா என்று மட்டும் கேட்டாள்.

நிற்பேன் என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை தாம்பூலம் மாற்றிக்கொண்டோம்.